சுவர் வேர்க்கும் அறை

கதவைத் திறந்ததும் அக்கா உள்ளே போய்விட மாட்டார். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். எண்ணெய் வாசம் வந்தால் முகம் மலரும். ஈர மண் வாசம் வந்தால், "ராத்திரி பூரா அழுதிருக்கியா நீ?" என்று சுவரிடம் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்குவார்.

அணைக்கட்டின் அடிவயிற்றில் இருக்கிறது அந்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரித் தண்ணீர் முழுக்கச் சாய்ந்து நிற்கிறது. கோடையிலும் இந்தப் பக்கம் சுவர் வேர்க்கும். அணைக் காவலர்களின் துப்பாக்கிகளை வைக்க இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் பூட்டோடு இரும்புக் கதவு இருப்பது இங்கேதான். அதனால் துப்பாக்கிகளும் இங்கேதான். அவை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. எண்ணெய் அக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அலமாரிக்குள் சின்னதாய் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. ஈரம் உறிஞ்சும் நீல மணிகளைத் துணிப்பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவை ஈரம் குடித்து ரோஜா நிறமானதும் வீட்டுக்கு எடுத்துப்போய், அதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் வறுத்து, மறுபடி நீலமாக்கிக் கொண்டுவருவார்.

"எனக்குச் சோறு ஆறிக் கிடக்கு, துப்பாக்கிக்கு வறுவலா?" என்பார் வீட்டுக்காரர்.

"அதுங்களுக்கு வாய் இல்லை, கேக்கத் தெரியாது. உங்களுக்கு அந்தக் குறை இல்லையே."

காவலர்களோடு அவருக்கு ஓயாத வழக்கு. பனி நாளில் குழல் வாயில் துணியை அடைத்துக் கொண்டுவருவார்கள். "நல்லது பண்றேன்னு மூச்சை அடைச்சிட்டீங்களே! உள்ள போன ஈரம் எப்படிங்க வெளிய வரும்?" தோலுறையோடு சாத்தி வைத்தால் பொறுக்க மாட்டார். "தோலு தண்ணியைக் குடிக்கும், குடிச்சதை இரும்பு மேல துப்பும்" என்று உருவி எடுப்பார். எல்லாவற்றையும் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி நிறுத்தியபின் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார்.

"என்னக்கா வேண்டிக்கிறீங்க?" என்று ஒரு காவலர் கேட்டார்.

"இதுங்களுக்கு வேலையே வரக் கூடாதுன்னுதான்."

"வேலை வராத துப்பாக்கிக்கு எதுக்கு இவ்வளவு எண்ணெய்?"

"நீங்களும்தான் தினம் குளிக்கிறீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

இந்த மழைக்காலத்தில் புதிதாக ஒரு தொல்லை வந்தது. துப்பாக்கி இரும்பில் பழுப்பாய் விரல் தடங்கள். தேய்த்து எடுத்தாலும் சில நாளில் மறுபடி முளைக்கும். சிலருடைய வேர்வைக்கு உப்பு அதிகம், அவர்கள் தொட்ட இடம் துருவேறும் என்பது அக்காவுக்குத் தெரியும். காவலர்களில் ஒருவருக்கு உள்ளங்கை எப்போதும் நசநசவென்றிருக்கும். ஈரக்கை என்றே அவரைக் கூப்பிடுவார்கள். சோதனைக்கு வந்த அதிகாரி கேட்டபோது, "அந்தத் தம்பி கைதான் ஐயா" என்று அக்கா சொல்லிவிட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அணைக்கு ஈரக்கையை மாற்றிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அவருடைய மனைவி படுத்த படுக்கை. தூக்கி உட்காரவைத்து ஊட்டிவிட்டுத்தான் அவர் தினமும் வேலைக்கு வருகிறார். அங்கிருந்து வந்துபோக முடியாது. "நான் துணி சுத்தித்தானேக்கா புடிக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார். அக்கா எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த துப்பாக்கிக்குப் போனார்.

அந்தச் சமயம் மகளுக்குப் பிரசவம். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். பழைய வேட்டியைக் குழந்தைக்குத் துணியாக வெட்டினார். கத்திரிக்கோலை ஆணியில் மாட்டினார். சில நாள் கழித்து எடுத்தால், இரும்பு முழுக்கப் பழுப்பாய் விரல் தடம்.

"என்னம்மா அதையே முறைச்சுப் பாக்கற?" என்றாள் மகள்.

"இதை வேற யாரு தொட்டாங்க?"

"நீதான் யாரையும் தொடவே விடலையே."

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் அவருக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்வை கொட்டும். வயது அப்படி. அந்த வேர்வை கைக்கும் வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வீட்டில் சுவர் வேர்க்கவில்லை, ஈரக்கையும் இல்லை. "கடவுளே, ஒரு பாவமும் அறியாத மனுஷனை..." என்றார். அன்றைக்கே பஸ் ஏறினார்.

அறையில் அதிகாரி இருந்தார். ஈரக்கை சுவரோரம் தலை குனிந்து நின்றிருந்தார்.

"ஐயா, நான் தப்பா சொல்லிட்டேன். அது என் கை."

"பாவம் பாத்துப் பேசாதீங்கம்மா. உங்க கைன்னா, இந்த அறைச் சாவியை நான் வாங்கிக்க வேண்டி வரும்."

"வாங்கிக்கங்க ஐயா."

அதிகாரி நம்பவில்லை. அக்கா ஒரு துப்பாக்கியை எடுத்துப் பல்பு வெளிச்சத்தில் சாய்த்தார். இரும்பில் ஒரு கட்டைவிரல் தடம். அதன் குறுக்கே முடியளவு ஒரு வெள்ளைக் கோடு, துரு ஏறாமல். என்றைக்கோ கத்தி குறுக்கே கீறித் தழும்பான தன் கட்டைவிரலை அக்கா அந்தத் தடத்துக்கு அருகே கொண்டுபோனார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனியும்வரை விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.