சிவப்பு அம்பு ஒட்டிய நீல வண்டி

பைக்கின் பெட்ரோல் டேங்கின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நெஞ்சைக் கவிழ்த்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை படித்து முடிக்கிறார் அவர். வண்டி ஓடவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்குக் கைப்பிடி தாழ்வாக இருக்கும். ஓட்டுகிறவர் முதுகை வளைத்துக் குனிந்துதான் உட்கார வேண்டும். ஐம்பதைத் தாண்டிய முதுகு அதற்குச் சம்மதிக்க வேண்டுமே! அதற்காகத்தான் இந்தச் சாயங்காலப் பயிற்சி. தலையில் ஹெல்மெட் உண்டு. கையுறையைக் கழற்றாமலே பக்கத்தைத் திருப்புவதால், சில நாட்களில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டு தலையங்கம் தப்பிவிடும்.

"என்ன சார், எது வரைக்கும் வந்துட்டீங்க?" காய்கறிப் பையோடு மாடி ஏறுகிற பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

"பாதி தூரம் வந்தாச்சு" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வரும். சிரிப்பு வராது.

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'அம்புக்குறி' என்று பெயர். சட்டை தைக்கும் தொழிற்சாலை. தைத்த சட்டைகள் கடைசியாக வந்து விழுவது அவருடைய மேசையில். காலரைப் புரட்டுவார், கைமடிப்பை இழுப்பார், பொத்தான் காஜாவுக்குள் நகத்தை விட்டுப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு தையல் விட்டிருந்தால், ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால், சட்டைப் பையில் வைத்திருக்கும் தாளிலிருந்து நக அளவுச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்துக் குறைக்கு நேராக ஒட்டுவார். அம்பு ஒட்டிய சட்டை தையல்காரரிடம் திரும்பிப் போகும். சரியாகி வந்த பிறகு, கட்டைவிரல் நகத்தால் ஒரே சுண்டில் அம்பை எடுத்துவிட்டு "பாஸ்" என்பார். துணியில் பசைகூட மிஞ்சாது. "கண்ணால பாத்தா போதாதுப்பா. கண்ணு மன்னிச்சு விட்டுரும். கைதான் மன்னிக்காது" என்பது அவர் அடிக்கடி சொல்லுகிற வசனம்.

ஸ்டிக்கர் தாள் வீட்டுக்கும் வந்துவிடும். வாய் உடைந்த கோப்பையில் ஓர் அம்பு, கிறீச்சிடுகிற அலமாரிக் கதவில் ஓர் அம்பு. "நல்லவேளை, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இந்தத் தாளு இவரு பையில இல்ல" என்பாள் மனைவி. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டு, உடைந்த கோப்பையிலேயே அவருக்குத் தேநீர் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவர் கையில் ஸ்போர்ட்ஸ் பைக் எப்படி வந்தது? எல்லாம் மனைவியின் தம்பியால் வந்தது. ஏசி மெக்கானிக். வாயும் ஓயாது, கையும் ஓயாது. வண்டி வாங்கப் போகிறேன், துணைக்கு வாருங்கள் என்று ஒரு நாள் மாமாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நீல வண்டியின் டேங்கை இவர் சும்மா தடவினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கைக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. மறுபடியும் தடவினார். அந்த மாதமே இரண்டு வண்டிகளும் வீடு வந்து சேர்ந்தன. அக்காவுக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது. "ரெண்டு பேருக்கும் சேத்து இருக்குறதே ஒரு மூளை. அதையும் அன்னிக்கு வீட்லயே வச்சிட்டுப் போயிருக்கீங்க" என்றாள்.

திட்டம் கடையிலேயே போட்டாயிற்று. மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, கடலோரமாகவே போய், கலங்கரை விளக்கத்தடியில் முடிகிற சாலை. போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் நெடும்பயணம். இரண்டு வண்டியும் முன்பின்னாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் தடவை நாள் குறித்தபோது செயின் தளர்ந்திருந்தது. செயின் மூடியில் அம்பு விழுந்தது. அடுத்த தடவை மழைக்கோட்டின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இன்னொரு தடவை, பின்சீட்டில் பையைக் கட்டி ஒத்திகை பார்க்கத் தெருவைச் சுற்றி வந்தார். தொங்கிக்கொண்டிருந்த வார் சூடான சைலன்சரில் பட்டு உருகி, வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்தும்படி நாற்றம் கிளம்பிவிட்டது. உருகிய வாரை எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்கிறார், தன் எச்சரிக்கைக்குச் சாட்சி சொல்ல. அப்புறம் டயர். அப்புறம் பிரேக் கட்டை. அப்புறம் மேகமூட்டம். வானத்தில் ஒட்ட முடியாது என்பதால் அன்றைக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.

ஒவ்வொரு தடவையும் மைத்துனன் ஜாக்கெட்டும் பையுமாக, பொழுது விடியும்போதே வந்து நிற்பான். சமாசாரத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, "விடுங்க மாமா, ரோடு எங்க ஓடிப் போகப் போகுது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. "மொத தடவ மாமாவோடதான்" என்று சொல்லிவிட்டானாம்.

அவர் காட்டிய குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. செயின் தளர்ந்திருந்தது உண்மை, ஜிப் சிக்கியது உண்மை. ஆனால் அம்பு ஒட்டாமல் விட்ட ஒன்று இருந்தது. பக்கத்தில் லாரி உரசினாற்போலக் கடந்தால் அவருக்குக் கை இரண்டும் விறைத்துப்போகும். வளைவில் வண்டியைச் சாய்க்க வேண்டிய இடத்தில் பிரேக்கை அழுத்திவிடுவார். தன்னைவிட இத்தனை வயது இளையவனிடம், அதுவும் மைத்துனனிடம், பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. ஆகவே கிளம்ப வேண்டிய காலையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளியே சொல்லக்கூடிய குறையாக ஒன்றைத் தேடுவார். தேடுவதுதான் அவர் பிழைப்பு. கிடைக்காமல் போகுமா?

அதற்குள் மைத்துனனுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஏசி இயந்திரங்களைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏறிய கழுத்து. எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். பாரம் தூக்கக் கூடாது. குனிந்து ஓட்டுகிற வண்டியை மறந்துவிட வேண்டும். பின்னால் உட்கார்ந்து போவதும் கூடாது. விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது. இப்போது அவன் ஏசி கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறான். மற்ற ஆட்களை வேலைக்கு அனுப்புகிறான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிக்கொண்டிருக்கிறான்.

சிவப்பு வண்டியை விற்ற அன்று அம்புக்குறியும் போயிருந்தார். வாங்க வந்தவருக்கு வண்டியைப் பற்றி அதிகம் தெரியவில்லை. "எங்க மாமா பாத்துச் சொன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று மைத்துனனே அவரை முன்னால் தள்ளிவிட்டான். மண்டி போட்டு உட்கார்ந்தார். தாள் கையில் இருந்தது. ஒரே ஒரு குறை, ஒன்றே ஒன்று அகப்பட்டால் போதும், இன்றைக்கு வியாபாரம் தள்ளிப்போகும் என்று மனசு அடித்துக்கொண்டது. செயினைத் தொட்டார். எண்ணெய் அளவாக இருந்தது. டயரை அழுத்தினார். கற்களைக் குத்தி எடுத்துச் சுத்தமாக வைத்திருந்தான். பின்சீட்டில் பை கட்டுகிற வார்கள்கூட நுனி மடித்துத் தைத்து, சைலன்சர் பக்கம் தொங்காதபடி சுருட்டிச் செருகியிருந்தன. எந்த மாதம், எந்தக் காலையில் கூப்பிட்டிருந்தாலும் அப்படியே கிளம்பியிருக்கக்கூடிய வண்டி.

"பாஸ்" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவன் உங்க பக்கத்துலயே மெதுவா உருட்டிக்கிட்டு வந்திருப்பான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். அவனுக்கும் தெரியும்."

தேநீர் ஆறிப்போயிற்று. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு தடவையும் விடியற்காலையில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் அடுத்த மாசம் என்று சொல்லியிருக்கிறான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. இழுத்தடித்த மாதங்களில் ஒன்றையாவது திரும்பக் கொடுக்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பார். யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு ஒரு நாள் மைத்துனன் கழுத்தில் பட்டையோடு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சுருள்: சிவப்பு வண்டியின் பை வார்கள். விற்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டானாம்.

"நீங்களாவது போயிட்டு வாங்க மாமா. போட்டோல்லாம் வேணாம். ரோடு எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க, போதும்."

"போலாம் மாப்ள... செயின்தான் கொஞ்சம்…"

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "இந்தத் தடவையும் ஏதாச்சும் ஒண்ணு கெடச்சுதுன்னா, இனிமே நான் கேக்க மாட்டேன். கோவமெல்லாம் இல்ல. கேக்க மாட்டேன், அவ்வளவுதான்."

எப்போதும் விளையாட்டாகவே பேசுகிறவன். அவன் இப்படிப் பேசி அக்காகூடக் கேட்டதில்லை.

"பயமா இருக்கு மாப்ள" என்றார் அம்புக்குறி.

"இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்துச்சு."

இவ்வளவுதானா? இத்தனை சுலபமாக வாயைவிட்டு வெளியே வந்துவிடுகிற வார்த்தையா இது? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வார்களைப் பிரித்துத் தையலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

செய்தித்தாள் பயிற்சி அன்றிலிருந்துதான். பாடமெல்லாம் போனில் மைத்துனன் எடுக்கிறான். "கைல சாயாதீங்க மாமா, முட்டியால டேங்கக் கவ்விப் புடிங்க. மணிக்கட்டு வலிக்காது." "காதுல அடைப்பான் போட்டுக்குங்க, காத்துச் சத்தம்தான் ஆளச் சோர்வாக்கும்." "லாரி வந்தா வரட்டும். அவனுக்கும் வீடு வாசல் இருக்கு, உங்கள இடிக்கணும்னா கெளம்பி வரான்?" ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே லாரிகள் ஓடுகிற சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிறார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பையில் வைக்கிறதைக் குறைக்கத்தான் பெரும் பாடு. இரண்டு டார்ச், மூன்று துண்டு, தையல் ஊசி நூல் என்று அவர் அடுக்க அடுக்க, மனைவி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறாள். "கடலுக்குத்தான போறீங்க, குடித்தனம் வைக்கவா போறீங்க?"

கிளம்புகிற காலையில், தெரு விளக்குகள் அணையும் நேரத்துக்கு மைத்துனன் வந்துவிட்டான். பழக்கதோஷம், ஜாக்கெட் போட்டிருந்தான். பை அவனுடைய வார்களால் பின்சீட்டில் இறுகக் கட்டப்பட்டிருந்தது. மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

அம்புக்குறி வண்டியைச் சுற்றி வந்தார். செயினைத் தொட்டார். முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். டயரின் ஓரத்தில் விரல் நின்றது. இன்னொரு கை ஜாக்கெட்டுக்குள் சட்டைப் பைக்குப் போயிற்று. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைத்துனன் கீழே கிடந்த ஒரு கல்லைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தான்.

பையிலிருந்து ஸ்டிக்கர் தாள் வெளியே வந்தது. அதை மடித்து மனைவியின் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டி, ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பினார்.

"மாமா, ஒரு நிமிஷம்!"

அவர் போட்டிருந்த ஜாக்கெட்டின் தோளில் ஓர் அம்பு மிச்சமிருந்தது. என்றைக்கோ தையலுக்காக ஒட்டி, அவரே மறந்துபோனது.

"இதோட போனீங்கன்னா ரிஜெக்ட் பீஸ் போகுதுன்னுல்ல சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே மைத்துனன் கையை நீட்டினான். வலது கை. விரல் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேடி, பிடி கிடைக்காமல் வழுக்கியது. நகம் பட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் விரலை வைக்க வேண்டியிருந்தது. மறுபடியும் வழுக்கியது. இடது கை சும்மாதான் இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

அம்புக்குறிக்கு அது ஒரு சுண்டு வேலை. கைப்பிடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்தார். தோளை அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார்.