கல்லாற்றுத் துறையில் சைக்கிள் மணி

விடியலில் செங்கலடியில் மிதிக்கத் தொடங்கியவன், உச்சிவெயிலில் கல்லாற்றுத் துறையில் வந்து இறங்குகிறேன். நாற்பத்தாறு வயதில் இதுதான் என் முதல் நெடுந்தூரச் சைக்கிள் பயணம். தொடை இரண்டும் நடுங்குகின்றன. வாவிக்கு அக்கரையில் தங்கச்சி வீடு.

தோணிக்குக் காத்திருக்கும் மீன்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிடுகிறார்கள். தோணிக்காரர் என்னையும் சைக்கிளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கம்பை ஊன்றுகிறார். நடு வாவியில் தாழ்ந்த குரலில் கேட்கிறார்:

"ஆரு அண்ண மோசம்?"

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இந்தப் பக்கத்தில், இந்த வெயிலில், இப்படி வேர்த்துக்கொண்டு சைக்கிளில் வருகிறவன் சாவு சொல்லத்தான் வருவான். அவனைத் துறையில் காக்கவைக்க மாட்டார்கள்.

"ஒருத்தரும் மோசம் போகல்ல தம்பி. தங்கச்சியப் பாக்க வாறன்."

"சைக்கிள்லயா? இந்த வயசிலயா?" சிரித்த சிரிப்பில் கம்பு அவர் கையிலிருந்து நழுவப் பார்க்கிறது.

அதற்குள் அக்கரையில் தங்கச்சி என்னைக் கண்டுவிட்டாள். இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அழாத புள்ள! உங்கட அண்ணன் சும்மாதான் வந்திரிக்கார்!" என்று தோணிக்காரர் கத்துகிறார். எதிர்க்காற்றில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

நான் சைக்கிள் மணியை விடாமல் அடிக்கிறேன். சாவு சொல்ல வருகிறவன் மணி அடிப்பதில்லை.

தலையிலிருந்த அவள் கைகள் மெல்ல இறங்கி இடுப்புக்குப் போகின்றன. கரையில் எனக்கு நல்ல ஏச்சு காத்திருக்கிறது.