நல்ல சீசன் பார்த்தவர்

டைல்ஸ் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் நொட்டை. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள், முகத்துக்கு நேரே "சார்" போடுவார்கள். சூளையிலிருந்து வரும் டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, தேறாததை ஒதுக்குவது அவர் வேலை. ஒன்று பழுது என்றால் பெட்டியையே தள்ளிவிடுவார். அங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டிலும் ஓசியில் அதையே செய்தார்.

அவர் மனைவி வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும். பணம் இருந்தது, லீவு இருந்தது, பாஸ்போர்ட் அலமாரியில் சுகமாகத் தூங்கியது. இல்லாதது சீசன் மட்டும்தான்.

"போறதே ஒரு தடவை. நல்ல சீசனா பாத்துத்தான் போகணும்" என்றார் மனிதர்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கணினி முன் உட்கார்ந்து மாதங்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஜனவரியில் பனி, வழுக்கி விழுவோம். ஏப்ரலில் மகரந்தம் பறக்கும், தும்மியே சாவோம். ஜூலையில் ஊர் உலகமே அங்கே வந்து குவியும். அக்டோபரில் மழை. நவம்பரில் சாயங்காலமே இருட்டிவிடுமாம், போய்த் தூங்கவா? ஒரு நாள் தூறல் என்றால் மாதமே பெட்டியோடு போயிற்று. உலகத்தைப் படைத்தவனே வந்து கைகட்டி நின்றாலும் இந்த ஆள் நாலு குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்.

அக்கா போனில் சிரிப்பாள். "ஏன்டி, நாங்க வருஷம் பூரா இங்கதானே இருக்கோம். செத்தா போயிட்டோம்?"

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு குளிர்காலத்தில் போனை எடுத்தது அக்கா வீட்டுக்காரர்.

"அவளுக்கு ஞாபகம் பிசகுதும்மா. நேத்து குளியலறை எங்கன்னு என்னைக் கேக்கறா. போகப்போக அதிகமாகும்ங்கறார் டாக்டர். ஆள் அடையாளம் தெரியறப்பவே வந்து பாத்துடு."

அவள் அழுதுகொண்டே கணவரிடம் ஓடினாள். "என்னங்க, அடுத்த வாரமே கிளம்பிடலாம்."

"அடுத்த வாரமா? குளிர் எலும்பைத் துளைச்சிடும். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கவா அவ்வளவு தூரம் போறது?"

"எங்கக்கா வீட்டுக்குள்ளதான இருக்கா. அவளைப் பாத்தா போதும் எனக்கு."

"மே கடைசிதான் சரின்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். அப்ப போனா மட்டும் உங்கக்கா இருக்க மாட்டாளா?"

கேள்வியைப் பாருங்கள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தனியாகப் போகிறேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கலாம். தனியாக விமானம் ஏறப் பயம். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்ததும் இதே மகானுபாவர்தான்.

மே கடைசியில் போய் இறங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர் கணக்கு துளியும் தப்பவில்லை. மழை இல்லை, குளிர் இல்லை, கூட்டம் இல்லை. அக்கா வீட்டு வாசலில் டாக்சியை விட்டு இறங்கியவர், அந்த வானத்தைத் தானே செய்து மாட்டியதுபோல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாத்தியா? ஒரு மேகம் இருக்கா சொல்லு!"

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கதவைத் திறந்த அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா மெல்ல விலகி, "உள்ள வாங்க, உட்காருங்க" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, நான்தான்க்கா." தம்ளரோடு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க" என்று அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. வரேன் வரேன்னுதான் சொல்றா, பாவம். அவ வீட்டுக்காரருக்கு இன்னும் சீசன் சரியா அமையலையாம்."