படத்தில் இல்லாத முதுகு

முன்பக்கம் மட்டும் தெரிகிற ஒரு படத்தை வைத்து முழுக் கவுனையும் தைத்த ஒரே ஆள், திருச்சி ஜில்லாவிலேயே நான்தான்!

(நம்பாதவர்கள் கமெண்டில் வரிசையாக வரவும்.)

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. படிப்பு எட்டாவது, அதிலும் பாதிதான். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி, தெப்பக்குளம் பக்கம் ஒரு பாயின் தையல் கடைக்கு வேலைக்குப் போவேன்.

தைக்க விடுவார். வெட்ட விடமாட்டார். கத்தரிக்கோல் பாயின் கையை விட்டு இறங்காது. வெட்டாதவன் தையற்காரனே இல்லை என்பது எங்கள் தொழிலில் சட்டம்!

ஒருநாள் பாய் துறையூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து டோரா மிஸ் வந்தார். ஆங்கிலோ இந்திய டீச்சர். கையில் நீலச் சாட்டின் துணி, வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த ஒரு தாள்.

“இதே மாதிரி வேணும் மேன். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு. துணி எங்க அண்ணன் லண்டன்லேருந்து அனுப்புனது, கெடுத்தா வேற கிடையாது. முடியுமா?”

“லண்டன் டெய்லரே எங்கிட்ட வந்துதான் மிஸ் சந்தேகம் கேட்பான்!”

மறுநாள் பாய் படத்தைப் பார்த்தார்.

“ஏன்டா, இதுல முன்னாடிதானே தெரியுது? பின்னாடி எப்படிடா இருக்கும்?”

தாளைத் திருப்பினேன்.

பின்னால் சோப்பு விளம்பரம்!

“நீ வாங்குன ஆர்டர், நீயே வெட்டு. கெட்டுச்சுன்னா நாளையிலேருந்து கடைப்பக்கம் வராத.”

அந்தச் சனிக்கிழமை பொன்மலை கிளப்பில் டான்ஸ். வாட்ச்மேனுக்கு ஒரு பீடிக்கட்டு கொடுத்து, ஜன்னல் வழியாக ஆராய்ச்சி! (இதைத்தான் இப்போது ஃபேஷன் டிசைன் காலேஜில் மூன்று வருஷம் சொல்லித் தருகிறார்களாம்.)

இரண்டு விஷயம் பிடிபட்டது. ஆடும்போது பெண்ணின் முன்பக்கம் ஜோடிக்குத்தான் தெரிகிறது, ஊரே பார்ப்பது முதுகை! ஜோடி கை வைப்பதும் முதுகில்தான், அங்கே பொத்தான் இருந்தால் உறுத்தும்.

பொத்தான்களை இடுப்போரம் தள்ளினேன். உறையூர் நெசவுக்காரரிடம் அரக்குக் கலர் புடவைக் கரை வாங்கி, இரண்டு தோளிலிருந்தும் சரித்து இறக்கி, இடுப்பில் பெரிய முடிச்சாக முடித்தேன். கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் பழைய பேப்பரில் நாலு தடவை வெட்டிப் பார்த்தேன். (யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்கு மட்டும்.)

கவுனை வாங்கிய மிஸ், முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூலியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கடை திறந்ததுமே வந்து நின்றார்.

“யாரு மேன் பின்பக்கம் வெட்டினது?”

பாய் உடனே என்னை நோக்கி விரலை நீட்டினார். (ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை மனுஷன்!)

“அந்தப் பத்திரிகை காலனி முழுக்கச் சுத்தியிருக்கு மேன்! அதே கவுன்ல இன்னும் மூணு பேரு! அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்னு பார்த்தேன். பேண்டு ஆரம்பிச்சுது, ஒரு சுத்து சுத்துனேன், அவ்வளவுதான்! அவங்க முதுகெல்லாம் வெறும் சுவரு மேன்!”

ஆட்டத்தை நிறுத்திக் கை தட்டினார்களாம். (மிஸ் சொன்னது பத்துப் பேர். நான் இருநூறு என்று வைத்திருக்கிறேன்.)

அடுத்த வாரம் அந்த மூன்று பேரும் துணியோடு வந்தார்கள். வந்ததும் வராததுமாக, வரிசையாகப் பாய்க்கு முதுகைக் காட்டி நின்றார்கள்!

பாய் கத்தரிக்கோலை என் கையில் வைத்தார்.

“பின்னாடி நீ வெட்டுடா. முன்னாடி நான் பார்த்துக்கறேன்.”

பாதிக் கவுனுக்கு டிசைனர் ஆகிவிட்டேன்! வாழ்த்துச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது நண்பர்களே!