எல்லைச் சோதனையில் ஒரு பாட்டில்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் இன்னும் கொடியை இறக்காத காலம். நான் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. பாண்டிச்சேரியைப் பார்த்துவர லீவு கேட்கப் போனபோது மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போய்ட்டு வாங்க. திரும்பி வர்றப்போ சாராயக் கேஸு கீஸுன்னு பேரு அடிபட்டுச்சின்னா மட்டும் அப்டியே போய்டுங்க. ஸ்கூல் பக்கம் வராதீங்க" என்றார். நம் பக்கம் மதுவிலக்கு, அங்கே தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை. எனக்குக் குடி கிடையாது, ஊர் சுற்றும் பைத்தியம் மட்டும்தான். ஆனால் என் சம்பளத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலூர்ச் சந்தையில் வாங்கிய பட்டாளத்துக் காக்கிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் குடியாத்தத்து நெசவாளி. நாற்பது வயதிருக்கும். அவரும் கடலைப் பார்த்ததில்லையாம். விழுப்புரத்தில் வண்டி மாறுவதற்குள் அவர் எனக்கு அண்ணனாகிவிட்டார்.

பாண்டிச்சேரியில் பகலெல்லாம் சேர்ந்தே நடந்தோம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் நம் ஜனங்கள், அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள். மஞ்சள் சுவர்கள், மூடியே கிடக்கும் உயரமான ஜன்னல்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரன் ஒருவன் எங்களை ஏற இறங்கப் பார்த்தபோது நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பிராந்திக் கடை வந்தால் எதிர்ச்சாரிக்குத் தாவிவிடுவேன். "இன்னா சார், பாத்தாலே கேஸா?" என்று அண்ணன் சிரித்தார். மத்தியானம் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

கடற்கரையில்தான் எனக்குப் புத்தி கெட்டது. கடல் தண்ணீர் நிஜமாகவே கரிக்குமா என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். சுவரோரம் கிடந்த ஒரு காலி பாட்டிலை எடுத்து, குழாயடியில் நாலு தரம் கழுவி, முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. அலைக்குப் பயந்து நான் கரையிலேயே நின்றேன். அண்ணன்தான் முழங்கால் வரை இறங்கி ரொப்பிக் கொடுத்தார். காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்துப் பைக்குள் வைத்தேன்.

ஆம்பூர்க்காரன் தன் மூக்கை நம்பலாமா? தோல் பதனிடும் டேனரிக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூர்க்காரன் ரயிலை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையைத் தேடுவான். நாங்கள் அதே இடத்தில் நின்று ரசித்துக் காப்பி குடிப்போம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் எல்லை தாண்டியதும் முதல் ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரி என் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, காகிதத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"பிராந்தி" என்றார்.

"இல்ல சார், கடல் தண்ணி. நல்லா கழுவிட்டேன். வாசனையே இல்ல சார்."

"எனக்கு மூக்கு இல்லேன்றியா? இன்னா உத்தியோகம் உனக்கு?"

வாத்தியார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மேனேஜர் முகமும் தங்கைகள் முகமும் மாறி மாறி வந்தன. ஒரு வாய் குடித்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்த முட்டாள் தலைக்கு அது தோன்றவில்லை.

"யாருதுய்யா இது? சொல்லு!"

என் கை எழுந்து, பக்கத்தில் ஓரடி முன்னால் வந்து நின்ற அண்ணனைக் காட்டியது. "இவரு குடுத்தது சார்."

அது பொய் இல்லையே, அவர்தானே ரொப்பிக் கொடுத்தார் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தச் சமாதானத்தை நினைத்தால் நான் கை காட்டியதைவிட அதிகமாகக் கூசுகிறது.

கான்ஸ்டபிள் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தான். அவர் தோளிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி மேஜை மேல் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, யாரும் தடுப்பதற்குள் மடமடவென்று பாதிக்கு மேல் குடித்தார். குடித்த வேகத்தில் குமட்டி அங்கேயே வாந்தியெடுத்தார். அதிகாரி மிச்சத்தில் விரல் விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார்.

"உப்புத் தண்ணி. பைத்தியக்காரப் பசங்க. ஏறுங்க வண்டில."

வண்டியில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "அண்ணே..." என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விழுப்புரம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கை காட்ட வேண்டியதே இல்ல சார். நான் குடிச்சிக் காட்டறேன்னு சொல்றதுக்குத்தான் முன்னால வந்தேன்."

விழுப்புரத்தில் வண்டி மாறியபோது அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். பின்னாலேயே போய்க் காலில் விழுந்திருக்கலாம். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் வேலை நிரந்தரமாயிற்று. உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜர், "உங்க மேல ஒரு பொல்லாப்பும் இல்ல. இப்டி ஆளுங்கதான் பசங்களுக்கு வேணும்" என்றார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.