மேட்சுக்கு முந்தின நாள் சப்பாத்தி

பெண்கள் படிக்கிற காலேஜ் ஒன்றில், ஹாஸ்டல் சமையக்கட்டில் எனக்கு வேலை. சமையக்கட்டுக்கும் பிள்ளைகள் சாப்பிடுகிற ஹாலுக்கும் நடுவே சுவரில் ஒரு சன்னல். கம்பி, கதவு ஒன்றும் கிடையாது. தட்டை நீட்டினால் சோறு விழும், அவ்வளவுதான். அது தணிவாக இருக்கும். நின்றபடி பார்த்தால் கையும் தட்டும் மட்டும் தெரியும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். நான் குனிய மாட்டேன்.

எனக்கு முகம் பார்த்துப் பேசக் கூச்சம். சின்னப் பிள்ளையில் இருந்தே அப்படி. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஆறாவது படிக்கப் பஸ்ஸில் போகணும், கண்டக்டரிடம் வாயைத் திறந்து டிக்கெட் கேட்கணும்.

அதனால் இந்தச் சன்னல் எனக்கென்றே வைத்த மாதிரி. வாலிபால் டீம் பிள்ளைகள் எல்லாரையும் எனக்குக் கையை வைத்துத்தான் அடையாளம். நகம் கடித்த கை ஒருத்தி. கயிறு கட்டின கை ஒருத்தி; அவள்தான் எல்லாரிலும் உயரம் என்று கேள்வி. சட்னியை இட்லி மேல் ஊற்றினால் தட்டைப் பின்னுக்கு இழுக்கிற கை ஒன்று, அது இந்த வருஷம் சேர்ந்த புதுப் பிள்ளை.

டீமுக்குப் பழக்கிவிடுகிற மேடம், மேட்சுக்கு முந்தின நாள் மத்தியானம் சன்னலுக்கு வருவார். “என்னங்க ஆத்தா, நாளைக்கு எப்படி?” என்று கேட்பார். ஒரு தடவை, கயிறு கட்டின கை ரெண்டு நாளாகச் சோறை ஒதுக்குகிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். பார்த்தால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். அதிலிருந்து என்னிடம் கேட்காமல் மேடம் டீம் எழுதுவதில்லை. எனக்கோ ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு மேட்ச்கூடப் பார்த்தது கிடையாது. மேட்ச் நடக்கிற நேரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன்.

இந்தத் தடவை காலேஜுகளுக்குள் நடக்கிற போட்டியின் கடைசி மேட்ச் எங்கள் கிரவுண்டில். எதிர் டீம் வெளி மாவட்டம். முந்தின நாளே வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கிவிட்டார்கள். சாப்பாடும் என் சன்னலில்தான்.

“ஆத்தா, அவுக சாம்பார்ல மட்டும் ரெண்டு கை மொளகாப்பொடி” என்றாள் நகம் கடிக்கிறவள்.

“ஒரே அண்டாவுல தாயி. ஒனக்கும் சேத்துத்தான் எரியும்” என்றேன்.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்த ஸ்பூன் விவகாரம். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவளை செட்டர் என்பார்கள். அவள் சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தால்தான் மற்றவள் ஓங்கி அடிக்கலாமாம். எங்கள் செட்டர் அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை. சோற்றை மாவு பிசைகிற மாதிரி அஞ்சு விரலும் முக்கிப் பிசைவாள். அந்தக் கை அன்றைக்குத் தட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

“ஆத்தா, ஒரு ஸ்பூனு குடுங்க.”

நான் குனிந்தேன். நடுவிரல் கத்தரிப்பிஞ்சு மாதிரி வீங்கிக் கருநீலமாக இருந்தது.

“மேடத்துக்கிட்ட சொல்லிறாதீங்க ஆத்தா. நாளைக்கு எங்கப்பா வர்றாக. நாலு வருசம் கழிச்சு துபாய்ல இருந்து லீவுல வந்துருக்காக. நான் ஆடுறதை செல்லுலதான் பாத்துருக்காக.”

“டாக்டர்கிட்ட காட்டுனியா?”

“தைலம் தடவிருக்கேன். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

“ம்” என்றேன். என் வாயில் அதுக்கு மேல் வராது.

கொஞ்ச நேரத்தில் மேடம் வந்தார். நான் வரிசையாக ஒப்பித்தேன். கயிறு கட்டின கை ரசம் ரெண்டு தடவை வாங்கியது, தெம்பாக இருக்கிறது. நகம் கடிக்கிறவளுக்குக் கடிக்க இனி நகமே இல்லை, பயந்து கிடக்கிறாள். புதுப் பிள்ளைக்குப் பயமே தெரியவில்லை, அப்பளத்துக்குச் சண்டை போட்டது.

“வந்துருக்கிற டீமு?”

“எல்லாரும் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாக. பலமான ஆளுக.”

“நம்ம செட்டர்?”

“சாப்பிட்டா.”

“எப்படி?”

“வயிறு நெறைய.”

அது பொய் இல்லை. ஆனாலும் மேடம் போனபின் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. கல்யாணமான புதுசில் உலக்கை பட்டு வீங்கியது. புது வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கூச்சத்தில் ஒரு மாசம் முந்தானைக்குள் வைத்தே காலம் தள்ளிவிட்டேன். அது அப்படியே நின்றுவிட்டது. சுண்டுவிரல் இல்லாமல் தோசை ஊற்றலாம். நடுவிரல் இல்லாமல் அந்தப் பிள்ளை பந்தைத் தூக்க முடியுமா?

சொல்லவும் வேண்டும், சொல்லவும் கூடாது. அப்போதுதான் போர்டில் ராத்திரிச் சாப்பாடு உப்புமா என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. உப்புமாவை ஸ்பூனால் தின்றுவிடலாம். சப்பாத்தியை ஸ்பூனால் பிய்க்க முடியாது. மேட்சுக்கு முந்தின ராத்திரி மேடம் டீமோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

“சப்பாத்தி போடுவமா?” என்றேன், கூட வேலை பார்க்கிறவளிடம்.

“எழுபது பேருக்கா? ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சுருக்கு?”

“வந்த பிள்ளைகளுக்கு உப்புமாவா போடுறது?”

“நேத்து வரைக்கும் உப்புமா நல்லாத்தானே இருந்துச்சு. நீ தேய்க்கிறதா இருந்தா நான் சுடுறேன். எனக்குத் தோள்பட்டை வலிக்குது.”

தேய்த்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். இடுப்பு கழன்றுவிட்டது.

சாப்பாட்டு நேரம் குனிந்தே நின்றேன். செட்டர் முன்னால் சப்பாத்தி விழுந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் ஃபேனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கயிறு கட்டின கை ஒரு வார்த்தை பேசாமல் சப்பாத்தியைப் பிய்த்தது. நகம் கடித்த கை குருமாவில் தோய்த்தது. எதிரே இருந்த புதுப் பிள்ளை எட்டி வாயில் ஊட்டியது. அட, மொத்த டீமும் கூட்டுக் களவாணி! மேடமோ செல்லில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என் இருநூறு சப்பாத்தியும் வீணாப் போச்சே என்று நினைத்தேன்.

வீணாகவில்லை. அதைவிட மோசம். அடுத்த மேசையில் வெளி டீமின் கேப்டன் மெல்லுவதை நிறுத்திவிட்டு இந்த ஊட்டல் உபசாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். அந்த மேசையே திரும்பியது. ஹால் அமைதியானதும்தான் மேடம் தலையைத் தூக்கினார்.

“ஏன்டி, அவளுக்குக் கை இல்லையா?”

“பாசம் மேடம்” என்றாள் கயிறு கட்டினவள்.

“ஒருத்தி பக்கெட்டை ஒருத்தி தூக்க மாட்டீங்க, இன்னைக்குப் பாசம் பொங்குதோ? எந்திரி. கையைக் காட்டு.”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, மேடம் சன்னலில் நின்றார். எலும்பு முறியவில்லை, நரம்புதான் பிசகியிருக்கிறது, பத்து நாள் விரலை அசைக்கக் கூடாது என்றார்.

“போர்டுல உப்புமான்னுல்ல எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

நான் அடுப்பைத் துடைத்தேன்.

“அடுத்த தடவை வாயால சொல்லிருங்க ஆத்தா. இருநூறு சப்பாத்திக்கு ரெண்டு வார்த்தை லேசு.”

நாளைக்குப் புதுப் பிள்ளைதான் பந்தைத் தூக்கும் என்றார். செட்டர் இடது கையால் சர்வீஸ் போடுவேன் என்று அழுகிறாளாம். அதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் இறக்கலாம்தான். “ஆனா அடுத்த டேபிள் பாத்துருச்சே. விரல்ல அடின்னு தெரிஞ்சா அவுக பந்தை அவ மேலயே அடிப்பாக. அப்படின்னா நான் இறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உபகாரம் செய்யப் போய், அப்பா முன்னால் அவள் ஆடுகிற அந்த ரெண்டு நிமிஷத்துக்கும் நான் உலை வைத்துவிட்டேன்.

காலையில் செட்டரின் தட்டு வந்தது. வீங்கின விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எப்போதும் வருகிற “ஆத்தா” வரவில்லை. ரெண்டு இட்லி வைத்தேன். தட்டு நகரவில்லை. மூணாவது வைத்தேன். நகரவில்லை. நாலாவது வைத்ததும் விருட்டென்று போய்விட்டது. கோபம் என் மேல்தான், இட்லி மேல் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து ஒரு தட்டு வந்தது. தட்டோடு ஒரு முகமும் குனிந்து உள்ளே வந்தது. வெளி டீம் கேப்டன்!

“ஆத்தா, நேத்து அந்த அக்காவுக்கு ஊட்டி விட்டாங்களே, கையில அடியா?”

செட்டர் குடிதண்ணிக் குழாயடியில் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு டம்ளரோடு அசையாமல் நின்றாள். என் வாய் தன்னால் திறந்தது.

“கை நல்லாத்தான் இருக்கு. சப்பாத்திதான் தோலு மாதிரி. பிய்க்க முடியல.”

“எங்களுக்கு மெத்துன்னு இருந்துச்சே?”

“ஒங்களுக்கு மொதல்ல சுட்டது. இவுகளது கடைசி. கல்லுல போட்டு மறந்தாச்சு.”

“மத்தவங்க பிச்சாங்களே?”

“அவ சோம்பேறி.”

குழாயடியில் செட்டருக்குத் தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

மூணு வார்டன் மாறியாச்சு, எங்கள் சப்பாத்தியை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னது இல்லை. நானே சொல்லிவிட்டேன். கேப்டன் போனதும் பின்னால் இருந்து சத்தம் வந்தது.

“எவ சுட்ட சப்பாத்திடி தோலு? கல்லுல நின்னது நானு. தேய்ச்சவ நீயி. தேய்ச்சது சரியில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“மெதுவாப் பேசு.”

“ஏன் மெதுவாப் பேசணும்? இத்தன வருசம் ஊமையா இருந்துட்டு, வாயத் தொறந்ததும் என் மானத்தை வாங்குறே!”

செட்டர் சன்னலில் குனிந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. “நான் சோம்பேறியா ஆத்தா?”

நான் இட்லித் துணியை உதறினேன்.

“எங்கப்பாவுக்கு கிரவுண்டு தெரியாது. கேட்டுல நிப்பாக. நீங்கதான் கூட்டியாரணும்.”

முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு கிரவுண்டுக்கா? இதுக்கு அவள் என்னைத் திட்டியே இருக்கலாம். போனேன். கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு ஒருத்தர் வாட்ச்மேனிடம் கேட்கக் கூச்சப்பட்டு நின்றார். பார்த்ததும் எங்கள் ஜாதி என்று தெரிந்துவிட்டது, கூச்ச ஜாதி. கேட்டில் இருந்து கிரவுண்டு வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

கிரவுண்டில் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை. எட்டத்தில் கை தெரியவில்லை, எனக்கு ஒருத்தியும் பிடிபடவில்லை. அவர்தான் காட்டினார். “அந்தா, பெஞ்சில துண்டைக் கையில சுத்திக்கிட்டு உக்காந்துருக்கு.” முதல் செட் போய்விட்டது. ரெண்டாவது நமக்கு. அவள் பெஞ்சிலேயே இருந்தாள். அவர் பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

நான் கேப்டனிடம் சொன்ன சப்பாத்திப் பொய்யைச் செட்டர் காலையிலேயே மேடத்தின் காதில் போட்டிருந்தாளாம். கடைசி செட்டில் மேடம் எதிர் டீமை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் துண்டை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினார். அவள் இடது கையால் பந்தைக் கீழே இருந்து அடித்தாள். நெட்டைத் தாண்டிப் போனது.

“எம்புள்ள சோத்தாங்கைப் பழக்கமாச்சே” என்றார் அவர். அதுதான் அவர் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. “ஏன் பீச்சாங்கையால அடிக்குது?”

“சோத்தாங்கை சோத்துக்கு வேணும்ல” என்றேன். எனக்கே ஆச்சரியம்.

ரெண்டாவதும் தாண்டியது; ரெண்டு பாயிண்டும் நமக்கு. மூணாவது நெட்டில் மாட்டியது. அதுக்கும் அவர் கை தட்டினார். பேரீச்சம்பழம் சிதறியதுதான் மிச்சம். திருப்பி அடித்தபோது எதிர் டீம் ஒரு பந்தைக்கூட அவள் பக்கம் அடிக்கவில்லை. அவள் வெளியே வந்து, எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துக் கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

மேட்சில் தோற்றுப்போனோம், ரெண்டே பாயிண்டில். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் செட்டர் மூணு தடவை சோறு வாங்கினாள், ஸ்பூனால்தான்.

வெளி டீம் பஸ் ஏறுவதற்கு முந்தி கேப்டன் மறுபடியும் சன்னலில் தலையை விட்டாள்.

“ஆத்தா, வழிக்குச் சப்பாத்தி கெடைக்குமா? அந்தக் கடைசியாச் சுட்ட தோலு சப்பாத்தி.”

நான் முழித்தேன்.

“வெரல் வீங்கியிருந்ததை எங்க டேபிளே பாத்துச்சு ஆத்தா. அந்த அக்கா மேலேயே அடிக்கலாம்னுதான் ராத்திரி பேசிக்கிட்டோம். காலையில வந்து கேட்டா, மெத்துன்னு இருந்த சொந்தச் சப்பாத்தியையே தோலுன்னு சொல்றீங்க. பாவமா இருந்துச்சு, விட்டுட்டோம்.”

குனிந்து, அந்தப் பிள்ளை முகத்தை நேராகப் பார்த்தேன். அதுக்குள் பின்னால் இருந்து சத்தம்.

“கேட்டுக்கிட்டியா? மெத்துன்னு இருந்துச்சாம்! இங்கிட்டுத் தள்ளு, அந்தப் புள்ளைக்கு நான் சுட்டுத் தாரேன். நீ தேய்ச்சு மட்டும் குடு.”