எங்கள் இருவரிடமும் இருந்த பாதி

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நானும் மனைவியும் மகளும் என் அம்மாவும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். துறைமுகத்தில் மூட்டை இறக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். டாக்டர்மாரிடம் கேள்வி கேட்கவும் கூச்சம்.

மூன்று வயதாகியும் மகளின் விரல்கள் நிமிரவில்லை. வயிறு வீங்கியிருந்தது. கண்ணில் வெண்மை படர்ந்தது.

என் மனைவி, அம்மாவின் சொந்தத் தம்பி மகள். அம்மாவே பேசிச் செய்த கல்யாணம். ஆனாலும், "இது அவளின்ர தாய் பக்கத்து நோய். எங்கட ஆக்களுக்கு இப்பிடி இல்லை. அவளை வத்தளையில தாய் வீட்டில கொண்டுபோய் விடு, உனக்கு வேற பொம்பிளை பார்க்கிறன்" என்று அம்மா ஓயாமல் சொன்னார். மனைவி தன் உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்துவிட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு பெண் டாக்டர் எங்கள் மூவரின் இரத்தத்தையும் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார்.

"ஆம்பிளையின்ர இரத்தம் என்னத்துக்கு?" என்றார் அம்மா.

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே, அம்மா" என்று டாக்டர் சிரித்தார்.

முடிவு வந்த அன்று அம்மாவும் கூட வந்தார். உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் கழிவை உடைக்கும் நொதியங்கள் உண்டாம். அதில் ஒன்று மகளிடம் அறவே இல்லை. உடையாதது சேர்ந்துகொண்டே போகிறது. அந்த நொதியத்துக்கான பரம்பரை அலகு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். எங்கள் இருவரிடமும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அதனால் நொதியம் பாதிதான், ஆனால் எங்களுக்கு அது போதும். மகளுக்குப் பழுதானவை இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. மருந்து இல்லை என்றார் டாக்டர்.

"நீங்கள் சொந்தமோ?"

"ஓம். இவவின்ர அப்பா என்ர அம்மாவின்ர தம்பி."

"அப்ப அநேகமா அம்மாவின்ர தாய் தகப்பனில ஒராளிட்ட இருந்துதான் வந்திருக்கும். ஒருத்தரிலயும் பிழை இல்லை."

"எங்கட ஐயாவோ, அம்மாவோ?" என்று அம்மா கேட்டார். அது டாக்டருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். வழக்கமாகப் பிள்ளையைத் தூக்குவது மனைவிதான். அன்று அம்மா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். ஆமிக்காரர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருடைய பிள்ளை என்று சிங்களத்தில் கேட்டார்.

"அபே" என்றார் அம்மா. எங்களுடையது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மடித்து வைத்திருந்த அந்தப் பையை அம்மாவே அவிழ்த்து, உடுப்புகளைக் கொடியில் போட்டார்.

மகள் அதிக காலம் இருக்கவில்லை. டாக்டர் சொன்னதில் பல விஷயங்கள் எனக்கு இன்றும் விளங்காது. நோயைத் தீர்க்காத அந்தப் பரிசோதனைதான் என் மனைவியை என் வீட்டில் இருக்க வைத்தது என்பது மட்டும் நன்றாக விளங்குகிறது.